பார்வோன் பட்டறையின் சாவி

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் வேலை பார்த்ததில்லை. சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபக்கூடத்தின் பின்னறையில் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து வேதாகமக் கதை சொல்வாள். அந்தப் பெயர் பிள்ளைகள் வாயிலிருந்து தாய்மார் வாய்க்குப் போய், அவர்களோடு பட்டறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பள்ளி வேன் ஓட்டும் அவள் புருஷன் மட்டும், "நீ பட்டறையில போடுற சத்தத்துக்கு ஹெட்மாஸ்டர்னே வச்சிருக்கலாம்" என்பான்.

கதைகளில் அவளுக்குக் கைவந்தது எகிப்தின் வாதைகள், அடிமை ஜனத்தை விடமாட்டேன் என்ற பார்வோன் ராஜாவின் தேசத்தில் ஆண்டவர் அனுப்பிய துன்பங்கள். "அவங்க ஆத்தைக் கும்பிட்டாங்க, ஆறு ரத்தமாச்சு. தவளையைக் கும்பிட்டாங்க, தவளை வீட்டுக்குள்ளயே வந்துச்சு. காளையைக் கும்பிட்டாங்க, மாடு செத்துச்சு. சூரியனைக் கும்பிட்டாங்க, பகல் இருட்டாச்சு. எதை நம்பி நெஞ்சை நிமித்துனாங்களோ, ஆண்டவர் அதையே தொட்டார்." படுக்கையில் தவளை ஏறும் இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசி வாதையை, தலைச்சன் பிள்ளைகளின் சாவை, அவள் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுச் செங்கடலுக்குத் தாவிவிடுவாள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பது அவள் சொன்ன காரணம்.

பட்டறைக்குப் பின்னால் வேலைக்காரர்களின் வரிசை வீடுகள். இடையில் ஒரு கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில், பட்டறையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிய கழிவுத் தொட்டி. சாயம் தோய்த்த தண்ணீரெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். விடிவதற்கு முன் பட்டறைச் சங்கு ஊதும். ஊதினால் அடுப்பு எரியும், பிள்ளைகள் எழுவார்கள், வரிசை முழுக்க வாளிச் சத்தம் கேட்கும். வேலை தொடங்கியதும் டீச்சர் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். துணி திருட்டுப் போகிறது என்று முதலாளி போட்ட ஏற்பாடு அது.

முதலாளியை அவள் மலைபோல நம்பினாள். வேலை கொடுத்தவர், வீடு கொடுத்தவர், புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது கார் அனுப்பியவர். யாராவது முணுமுணுத்தால், "ஐயா இருக்கிறவரைக்கும் நமக்கு என்ன குறை?" என்பாள். ஜெபத்தில் ஆமென் சொன்னதைவிட இதை அவள் சொன்னதுதான் அதிகம்.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மூத்த மகனும் ஓரமாக நின்றிருந்தான். சின்னவர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாயத் தொட்டியடியில் நின்று பெண்களோடு கேலி பேசுவான். நீலத்துக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் பார்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது டீச்சர்தான்.

"இனிமே ஞாயித்துக்கிழமையும் வேலை உண்டு டீச்சரம்மா" என்றார் முதலாளி.

"ஐயா, அன்னைக்கு ஜனங்க கோயிலுக்குப் போவாங்க."

"சாமி எங்க போயிடப் போறாரு? ஆர்டர் போயிடும்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பின்னறையில் பாய் சுருட்டப்பட்டது.

எதிர்த்துப் பேசியது ஒரே ஒருத்தி. பாட்டு எங்கே கேட்டாலும் கூடச் சேர்ந்து பாடுவதால் கோரஸ் அக்கா என்று பெயர் வாங்கியவள். வெள்ளைத் துணி அலசும் பகுதியில் வேலை. டீச்சரைவிட வயதில் மூத்தவள்.

"காலைல மட்டும் விடுங்க டீச்சர். ஆராதனை முடிஞ்சதும் ஓடி வந்துடுறோம்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா அக்கா? மேலிடத்து உத்தரவு."

"நம்ம மேலிடம் வேற இல்லையா?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசிக்கொண்டு நின்ற வேறு யாரையோ விரட்டினாள்.

ஓய்வில்லாமல் ஓடியதில் கழிவு கூடியது. தொட்டி விளிம்புவரை தளும்பியது. ஒரு நாள் காலையில் கிணற்றில் வாளி விட்ட பெண் அப்படியே நின்றுவிட்டாள். மேலே வந்த தண்ணீர் சிவந்திருந்தது. அடர்ந்த சிவப்பு அல்ல. வெட்டுக்காயத்தைக் கழுவிய தண்ணீரின் நிறம். அந்த வாரம் முழுக்கச் சிவப்புத் துணிதான் ஓடியது என்று டீச்சருக்குத் தெரியும். தொட்டி கசிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் யாரோ பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அவளுக்கு முதுகு சில்லிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். "வெறும் கலர். உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. நாளைக்கு ஆள் வச்சுச் சுவரைப் பூசிடலாம்" என்றார்.

நாளைக்கு என்ற சொல் அவளுக்குள் எங்கோ இடறியது. வீட்டுக்குப் போய் வேதாகமத்தில் வாதைகள் வரும் யாத்திராகமத்தைப் புரட்டினாள். தவளைகள் எப்போது ஒழிய வேண்டும் என்று, ஜனத்தை விடுவிக்க வந்த மோசே கேட்டபோது பார்வோன் சொன்ன பதிலும் அதுதான். நாளைக்கு. அவள் வேதாகமத்தை மூடி அலமாரியில் வைத்தாள். அதன்பிறகு வெகு நாள் அதை எடுக்கவில்லை. படிக்கப் பயமாக இருந்தது என்று அவள் தனக்குத்தானேகூட ஒத்துக்கொள்ளவில்லை.

சுவரை யாரும் பூசவில்லை. ஒரு மழை பெய்து கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும் முதலாளிக்கு அந்தப் பேச்சே மறந்துபோனது.

அடுத்து தவளைகள் வந்தன. தொட்டியைச் சுற்றியிருந்த சேற்றுக்குழிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வீட்டுக்குள் ஏறின. செருப்புக்குள், வாளிக்குள், மாவு பிசையும் பாத்திரத்துக்குள். புருஷன் வேன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றைப் பிடித்துத் தூக்கி, "இது டிக்கெட் எடுக்கலை" என்றான். டீச்சர் சிரிக்கவில்லை. பின்னறைப் பிள்ளைகள் சிரித்த அதே இடம். இப்போது அவள் கட்டிலில், அவள் தலையணையில்.

"உனக்கு என்ன ஆச்சு? பேயடிச்ச மாதிரி இருக்க."

"ஒண்ணுமில்லைங்க. தண்ணி கெட்டுப்போச்சு, அதான் வெளிய வருது."

"அது எனக்கும் தெரியுது. நீ எதைப் பாத்து பயப்படுற?"

அவள் தலையணை உறையைக் கழற்றி உதறினாள்.

தவளைகள் செத்தன. தெருவோரம் குவித்து வைத்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நாற்றத்துக்கு ஈக்கள் வந்தன. சோற்றில் கை வைக்கும் முன் ஈ உட்கார்ந்தது. அதன்பிறகு கைகளில் கொப்புளம். முதலில் அலசும் பகுதிப் பெண்களுக்கு, பிறகு கிணற்றுத் தண்ணீரில் குளித்த எல்லோருக்கும். கோரஸ் அக்காவின் முழங்கைவரை தோல் வெந்ததுபோலக் கிடந்தது. அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். பாட்டு நின்றபிறகுதான் அந்தப் பட்டறையில் எவ்வளவு இரைச்சல் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு முறையும் அவள் முதலாளியிடம் போனாள். ஒவ்வொரு முறையும் அவர் இளகினார். சுவரைக் கட்டுறேன், டாக்டரை வரவழைக்கிறேன், ஒரு ஞாயிறு விடுறேன் என்றார். நெருக்கடி கொஞ்சம் தணிந்ததும் பேச்சை மாற்றினார். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளைக் கலக்கியது. கொடுமைக்காரன் என்றால் வெறுத்துத் தொலைக்கலாம். இவரோ ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் வாக்குக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் தொட்டிப் பக்கம் போனாள். கசிந்த இடத்தில் இப்போது சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் மெதுவாக உறுமியது. சுவரின் மறுபக்கம் அலசும் பகுதி. பயந்துபோய் நேராக முதலாளியிடம் ஓடினாள்.

"சுவர் தாங்காது ஐயா. ஆளுங்களை அங்க நிக்க வைக்காதீங்க."

"ஆர்டர் முடியட்டும். நாளைக்கு..."

மீதியை அவள் கேட்கவில்லை.

வீட்டில் வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை நாளாக அவள் மனதுக்குள் முதலாளியைப் பார்வோன் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்ததே இல்லை. மோசேயாக இருக்க அவளுக்கு வழியில்லை. செங்கல் அறுக்கும் சொந்த ஜனத்தை மேய்க்கப் பார்வோனின் ஆட்கள் வைத்த தலைவர்கள் இருந்தார்களே, கதையில் அவள் எப்போதும் விட்டுவிடும் ஆட்கள், அவர்களில் ஒருத்தி அவள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

"வேலை போயிடும்" என்றாள் புருஷனிடம், முன்னும் பின்னும் சொல்லாமல்.

அவன் அவளைப் பார்த்தான். "வேன் என்கிட்ட இருக்கு" என்றான். "அதுல தவளையும் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதி எல்லோரும் உள்ளே வந்ததும் அவள் கதவைப் பூட்டவில்லை. அகலத் திறந்து வைத்தாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. கோயிலுக்குப் போறவங்க கோயிலுக்குப் போங்க. தொட்டிச் சுவரைச் சரிபண்றவரைக்கும் யாரும் உள்ள வராதீங்க."

யாரும் நகரவில்லை. பூட்டிய கதவுக்குப் பழகிய ஜனம். கோரஸ் அக்காதான் முதலில் ஈரக் கைகளைச் சேலையில் ஒற்றியபடி நடந்தாள். "சாப்பாட்டுக்கு என்ன செய்றது டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கும் தெரியலை" என்றாள் டீச்சர். "ஆண்டவர் பாத்துப்பார்னு இத்தனை வருஷம் உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டேன். இப்போ நானும் நம்பிப் பாக்கணும்."

அன்றே அவளுக்கு வேலை போனது. சாவியைச் சின்னவர் வாங்கிக்கொண்டான். "அப்பாகிட்ட பேசுறேன் டீச்சர், மனசு விட்டுடாதீங்க" என்றான். "சுவர் பக்கம் போகாதீங்க தம்பி" என்று அவள் அவன் கையைப் பிடித்துச் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

அந்த வாரம் சுவர் உடையவில்லை. வேலை நாட்களில் ஜனம் பயந்து பயந்து திரும்பிப் போனார்கள். டீச்சருக்குப் பைத்தியம் என்று சிலர் பேசினார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் போகவில்லை. ஒருமுறை திறந்து பார்த்த கதவு. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. வரிசை வீடுகளில் ஒரு வாளியும் அசையவில்லை. ஆள் வரவில்லை என்று முதலாளி கத்தியிருக்கிறார். நான் ஓட்டுறேன் அப்பா என்று சின்னவர் தனியாக உள்ளே போயிருக்கிறான்.

ஆராதனையின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தபோது அலசும் பகுதியே இல்லை. முழங்கால் ஆழத்துக்குச் சிவப்புத் தண்ணீர் கதவு வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. எல்லோரும் இறங்கித் தேடினார்கள். டீச்சரின் புருஷன்தான் சின்னவரைக் கண்டான். சட்டைக் கை மடித்தபடியே இருந்தது.

முதலாளி தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து மகனை மடியில் கிடத்திக்கொண்டார். தான் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்த கடைசி வாதை இவ்வளவு நீளமானது என்று டீச்சர் அங்கே நின்று பார்த்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"உன் சாமிதான் இதைச் செஞ்சதா?"

பின்னறையில் சொல்லும் பதில்களை விட்டுவிட்டு அவள் அவர் அருகே வந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க ஐயா" என்றாள். "ஆனா இத்தனை நாளா நீங்க கும்பிட்டதும் நான் கும்பிட்டதும் ஒரே சாமிதான். இந்தப் பட்டறை. நான் ஒரு வாரம் முன்னாடி அந்தக் கும்பிடை விட்டு எந்திரிச்சுட்டேன். தம்பியையும் கையோட இழுத்துட்டுப் போயிருக்கணும்."

அவளும் அந்தத் தண்ணீரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்து தூக்கும்வரை சின்னவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறை அதன்பிறகு திறக்கவே இல்லை. வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. போகும்போது சிலர் அவளைக் கும்பிட்டார்கள். சிலர் முகம் பார்க்காமல் போனார்கள். புருஷனின் வேனில் வெளியூரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து விறகு என்று வந்தது. சில நாள் எதுவும் வரவில்லை. சங்கு இல்லாத விடியற்காலையில் அவள் பழக்கத்தில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். வெளியே அவ்வளவு அமைதி. யார் கூப்பிட்டு எங்கே போவது என்று தெரியாத பயம் வந்துவிடும். பிறகு மெல்லத் தரையில் முழங்கால் போடுவாள். அன்றைய சோற்றுக்கு மட்டும் கேட்பாள். கேட்டு முடித்தபிறகும் பயம் முழுதாகப் போகாது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொடுத்துவிட்டு, புருஷனை எழுப்பப் போவாள்.