கடைசிப் பக்கத்துப் பனிவண்டி

ஆர்வில் டாங்கனின் நாற்காலியைப் பறிக்கப் பார்த்தவள் நான்தான். ஊரார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை பத்து மணி, நூலகத்தின் கீழ்த்தளம். அவரவர் அந்த மாதம் படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்கிற குட்டி மணியை, வட்டத்தை நடத்தும் கொரீன் திருகி வைப்பாள். அது அடித்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு எலுமிச்சைக் கேக் தின்ன வேண்டியதுதான். வட மினசோட்டாவில் குளிர்காலத்தில் வேறென்ன செய்ய? நாற்காலிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

விதிகள் மூன்று. முடிவைச் சொல்லக் கூடாது. படிக்காமல் வந்து அளக்கக் கூடாது. காதால் கேட்டது படித்ததாகாது. மீறினால் நாற்காலி அடுத்தவருக்கு. மூன்றாவது விதி என் கைங்கரியம். என் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டே எழுநூறு பக்க நாவலை ஒலிப்பதிவில் கேட்டு முடித்துவிட்டு, "படிச்சாச்சு" என்று என்னிடமே பீற்றிக்கொண்டாள். அந்த எரிச்சலில் போட்டது.

ஆர்வில் என்னோடு பள்ளியில் படித்தவன். அங்கே அவன் புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பிறகு முப்பத்துநாலு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். புயல் வருகிறது என்றால் கொட்டகையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டாடினார்கள். சீட்டில் தோற்றுத் தோற்று அலுத்துப்போன இவன், யாரோ விட்டுப்போன துப்பறியும் நாவல் ஒன்றைப் பிரித்தான். நாற்பது வயதில் பிடித்த பித்து அது. போர், கடல், தேனீ வளர்ப்பு, பிரசவம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளினான். புயலடித்த காலைகளில் நூலக வாசலைத்தான் முதலில் சுத்தம் செய்வான். தெருவில் நிறுத்திய என் காரை மட்டும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பனியில் புதைத்துவிட்டுப் போவான். சண்டைக்குப் போனால், "வழியில நிறுத்தாதே" என்பான்.

வட்டத்தில் அவன் பேசினால் மணி அடித்தும் கொரீனுக்குக் காதில் விழாது. அவன் சொன்ன புத்தகத்துக்கு அன்றைக்கே மேல்தளத்தில் அடிதடி நடக்கும்.

எங்களுக்குள் ஒரு களவுப் பழக்கம் உண்டு. நூலகப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் பென்சிலால் குட்டியாக ஓர் அடையாளம் போட்டுவைப்போம். படித்ததையே மறந்துபோய் மறுபடி எடுத்துப்போகிற வயசு வந்துவிட்டதே. எனக்கு என் பெயரின் முதல் எழுத்து. கொரீனுக்கு ஓர் இலை. ஆர்விலுக்குப் பனிவண்டி: ஒரு பெட்டி, இரண்டு சக்கரம், முன்னால் சாய்ந்த ஒரு கோடு.

போன அக்டோபரில்தான் கவனித்தேன். அவன் ஆகா ஓகோ என்று பேசிய புத்தகத்தில் பனிவண்டியைக் காணோம். சந்தேகம் வந்து, அவன் முன்பு பேசிய ஆறு புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். ஒன்றிலும் இல்லை. பின்னட்டையைப் படித்துவிட்டு வந்து அளக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவனோ என் எதிர்வீட்டில், வாசலில் நிறுத்திய தன் பழைய காரில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பகல் பூராவும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். வண்டி ஓர் அடி நகர்வதில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரிக் கூட்டத்துக்கு அவன் எந்த நாவலைப் பேசப் போகிறான் என்று கொரீனிடம் விசாரித்து, நானும் அதையே எடுத்து வரி விடாமல் படித்தேன். ஏரியில் படகு விடும் ஓர் அப்பன், அவன் மூன்று மகள்கள், இவர்களின் கதை. கடைசிப் பக்கத்தில் என் எழுத்தைப் போட்டு, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இன்றோடு அவன் நாற்காலி காலி என்று நினைக்கையில் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

தன் முறை வந்ததும் ஆர்வில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என்னமா எழுதியிருக்கான் தெரியுமா! எடுத்த எடுப்புல அப்பனைக் கொன்னுடறான். உறைஞ்சுபோன ஏரி மேல பொண்ணுங்க சவப்பெட்டியை இழுத்துட்டுப் போறாங்க. அடுத்த அத்தியாயத்துல பார்த்தா, அதே அப்பன் மூத்தவ கல்யாணத்துல பூட்ஸ் காலோட ஆடறான். அவன் சாகப் போறது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் அழுதுட்டேன்ப்பா. வெக்கமே இல்லாம அழுதேன்."

மணி அடித்தது. யாரும் அசையவில்லை. கொரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"புளுகு," என்றேன்.

"என்ன மார்லிஸ்?" என்றான் ஆர்வில்.

"கதை ஆரம்பிக்கறதே கல்யாணத்துலதான். அப்பன் சாகறது முப்பத்தொண்ணாவது அத்தியாயம். இந்தா புத்தகம். முதல் பக்கத்தை வாசி பார்ப்போம்."

வாங்கிப் பிரித்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"முடியாது மார்லிஸ். கண்ணுக்கு நடுவுல ஒரு கறுப்பு. ஒன்றரை வருஷமாச்சு. உன் காது ரெண்டும் தெரியுது, மூஞ்சி தெரியல."

"அது ஒண்ணும் நஷ்டமில்ல," என்றாள் கொரீன், பழக்க தோஷத்தில்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பேசும் புத்தகங்களைத் தபாலில் வரவழைக்கிறான். ஒரு நாவலுக்கு ஒரு வட்டு. அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி அவன் வண்டியில் மட்டும்தான் இருக்கிறது. வண்டியை ஓட்ட முடியாது, அதனால் நிறுத்திவைத்தே கேட்கிறான்.

"இதுவரைக்கும் வரிசையாத்தான் வந்துச்சு," என்றான். "இந்தத் தடவை கையுறை விரல் ஏதோ பொத்தான்ல பட்டுத் தொலைச்சிருக்கு போல."

பாட்டுகளை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடும் பொத்தான். நாற்பது அத்தியாயத்தையும் அது சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டிருக்கிறது.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? லைசென்ஸ் போச்சு, படிப்பு போச்சு. மிச்சம் இருக்கறது இந்த நாற்காலி ஒண்ணுதான். மூணாவது ரூல் உன் ரூல், தாயே." தொப்பியைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தான். "பட்டியல்ல அடுத்தது யாரோ, கூப்பிட்டுக்கோங்க. ஆனா கேட்டதுக்கு நான் ஒரு நாளும் அடையாளம் போட்டதில்ல. அந்த மட்டுக்கும் யோக்கியன்."

அந்த அடையாளம் இல்லாததை வைத்துத்தானே நான் அவனைப் புளுகன் என்று முடிவு கட்டினேன்! அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முழுக்க என் மேல்தான்.

"உக்காருடா!" என்று கத்தினேன். "வரி விடாம படிச்சவ நான். அந்தக் கல்யாணத்துல எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. நீ அழுதிருக்க. யார் ஒழுங்காப் படிச்சதுன்னு நீங்களே சொல்லுங்க. மூணாவது ரூலைப் போட்டவ நான், இப்ப எடுக்கறவளும் நான்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலை அவன் கையில் திணித்தேன்.

"போடு."

"எங்கன்னு தெரியலியே."

அவன் விரலைப் பிடித்து மூலையில் வைத்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டான். ஒரு பெட்டி, இரண்டு சக்கரம், முன்னால் சாய்ந்த ஒரு கோடு. கோணல் மாணலாக, நேரே என் எழுத்தின் மேலேயே வந்து நின்றது.

"என் பேர் மேலயே ஏத்திட்டியேடா!"

"வழியில நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றான் ஆர்வில்.