சந்தையில் ஒரு மண்மேடு

லாரியின் பின்கதவைத் திறந்து அந்த வெள்ளைக் காளையை இரண்டு பேர் கீழே தள்ளியதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த பள்ளிக்குப் போகிற பஸ். எங்கள் ஊர் மாட்டுச்சந்தை வாசலில் நெரிசலில் நின்றிருந்தது. முன்னங்கால் மடங்கி விழுந்த காளை எழவில்லை. அன்று வகுப்பில் என்ன பாடம் நடத்தினேனோ, நினைவில்லை.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் மனைவியான மதினியிடம் சொன்னேன். "மாடு நடந்து இறங்க சரிவா ஒரு மேடு போட்டா என்னவாம்?" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. இருவரும் தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். இறங்க ஒரு மண்மேடு, குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் மனு. "மாட்டுக்கு ஓட்டு இருக்கா டீச்சர்?" என்று சிரித்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து பேரூராட்சித் தலைவியாக வந்தவர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். "எனக்குச் சம்மதந்தான். ஆனா வியாபாரிகள எதுத்துக்கிட்டு ஒண்ணும் நடக்காது. அவியளயும் கூட்டிட்டு வாங்க, தீர்மானம் போட்டுருதேன்" என்றார்.

அடுத்த சந்தையன்று போனோம். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் மூத்த தரகர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"சந்தைய மூடச் சொல்லி மனு எழுதியிருக்கியளாமே! எங்க வயித்துல அடிக்கதுக்கா படிச்சிய?"

மதினிதான், "மூடச் சொல்லி யாரு எழுதுனா அண்ணாச்சி? நீ வாசிச்சுக் காட்டு" என்று என்னை முன்னால் தள்ளினாள். மனுவை வாசித்து முடித்தேன்.

"இம்புட்டுதானா?" என்றார் தரகர்.

"இம்புட்டுதான் அண்ணாச்சி."

"கால் ஒடிஞ்ச மாட்ட எவன் வாங்குவான்? நாங்க கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனதுலா இது!" என்றவர் பின்னால் திரும்பி, "ஏலே, கூட்டம் என்னைக்குன்னு விசாரிங்க. எல்லாருமா போவோம்" என்றார்.

அடி விழும் என்று பயந்து நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பேரூராட்சிக் கூட்டத்துக்கு அவர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. தொட்டி சீக்கிரம் வந்துவிட்டது. மேடு போட மழைக்காலம் கழிய வேண்டியிருந்தது.

முதல் லாரி மேட்டை ஒட்டி நின்ற காலையில் மாடுகள் இறங்க மறுத்தன. பழக்கமில்லை. ஒருவன் கம்பை ஓங்கினான். "பைய லே, பைய" என்று தரகர் அதட்டினார். ஓர் எருமை மூக்கை நீட்டி மண்ணை மோந்து பார்த்தது. பிறகு கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பெரிய மனுஷி மாதிரி நிதானமாக நடந்து இறங்கியது. மற்றவை அதன் பின்னால் வந்தன. "அப்பாடா" என்று மதினி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன். தலைமையாசிரியை காரணம் கேட்டார். "எருமை இறங்கிருச்சு" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.