எண்ணெய்க் கடை நானாவுக்கு நன்றி

இன்று காலை என் ஏழு வயது மகள் செல்லம் தானாகவே பள்ளிக்கூடம் போனாள். உங்களுக்கு இது சின்னச் செய்தி. எனக்கு அப்படியில்லை.

பனிக்காற்று தொடங்கியதிலிருந்து அவள் கால்கள் வறண்டு போயின. சொறிந்து சொறிந்து இரத்தம் கசியும். சிரங்கு என்று பயந்து மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவில்லை. அவளும் இனிப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

நான் விடுவேனா? வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்து, சுடச்சுட வெந்நீர் ஊற்றி, சீயக்காய் போட்டுப் பிசுக்கே இல்லாமல் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அரிப்பு கூடியதுதான் மிச்சம்.

போன மாதம் பண்டாரவளையில் எண்ணெய்க் கடை முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், புலம்பினேன். மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏன் தம்பி, பூசின எண்ணெயை நீங்களே சுரண்டி எடுத்துட்டா புள்ளையோட தோலுக்கு என்ன இருக்கும்? வெதுவெதுன்னு தண்ணி ஊத்துங்க. ஈரம் காயுறதுக்குள்ள கொஞ்சம் தேங்கா எண்ணெய் பூசி அப்படியே விடுங்க. ஒரு நாளும் தவற விடாதீங்க."

ஒரு நாளும் தவறவிடவில்லை. கால் ஆறிவிட்டது.

இன்று மத்தியானம் மாட்டு வண்டி பிடித்துப் போய், "நானா, புள்ள பள்ளிக்கூடம் போயிட்டா" என்றேன்.

"அப்ப இன்னொரு போத்தல் எடுங்க" என்றார்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைச் சூட்டில் காயவைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்து மகளையும் அதே பக்குவத்தில் காயவைத்திருக்கிறேன்! உங்களில் வேறு யாராவது இப்படிச் செய்ததுண்டா? வெட்கப்படாமல் எழுதுங்கள், எனக்கும் துணை வேண்டும்.