பன்றி இல்லாத பத்தி

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ஜீப்பில் ஒரு விவசாயி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். வலது கை விரல்கள் மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தன. எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஊர்க் கோயில் வாசலில் வைத்துவிட்டால் வழக்கு கிடையாது என்று போலீஸ் அறிவித்திருந்த சமயம். அந்த நோட்டீஸை எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஒன்றை அவரிடம் நீட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். ஒரு வெளிநாட்டில் மக்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்த பிறகு கொலைகள் குறைந்தன என்ற பத்தியைக் கொஞ்சம் பெருமையாகவே வாசித்தேன்.

“நானும் வெச்சிட்டேன் சார்,” என்றார். “வெச்சது சரிதான். பன்னின்னு நெனச்சு எங்க சித்தப்பா மவனயே ஒருத்தன் சுட்டுட்டான். ஆனா இப்போ பன்னி வராம இருக்க சாமைக் கொல்லையில ராவெல்லாம் தகரம் தட்றேன். பகல்லயும் கை நிக்க மாட்டேங்குது.”

பிறகு கேட்டார்: “அந்த ஊர்ல பன்னிய இன்னா பண்ணி தொரத்தறாங்க சார்?”

கிண்டல் இல்லை. தெரிந்தால் தானும் அப்படியே செய்யலாம் என்றுதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கோ படித்ததை எடுத்துப் போட்டிருந்தேன்; அதில் பன்றி இல்லை.

“விசாரிச்சு சொல்லுங்க,” என்று இறங்கிப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அடுத்த ஊரிலும் நோட்டீஸ் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன்.