அண்ணனை அழைத்து வந்த படம்

மகன் பழைய ஹாலிவுட் தாதா படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் துப்பாக்கிச் சத்தம் என்னைக் கும்பகோணத்துத் தியேட்டருக்கு இழுத்துப் போனது.

சிறுவயதில் அப்பா, அம்மாவோடு இதே மாதிரி ஒரு படத்துக்குப் போயிருந்தேன். வறுகடலை வாசனை, பீடிப் புகை. கடைசியில் தாதா நடுத்தெருவில் சுடப்பட்டு விழுந்தான். எல்லோரும் விசிலடித்தார்கள். இங்கிலீஷ் தெரியாத அம்மா மட்டும் அழுதாள்.

வெளியே வந்ததும் அப்பாவிடம், "அடிதடிக்குப் போறான்னு பெரியவனைத் துரத்திட்டீங்களே, அவனுக்கும் இப்படி ஆனா?" என்றாள்.

அப்பா உடனே எங்களை ஊருக்கு, குத்தாலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அண்ணன் தங்கியிருந்த திருவையாற்றுக்குக் கிளம்பினார். மறுநாள் மத்தியானம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அம்மா இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.

இதைச் சொன்னதும் மகன் படத்தை நிறுத்தினான்.

"நம்ம பெரியப்பாவா அடிதடி பண்ணுனாரு?" என்று நம்பாமல் கேட்டான்.