கூரையின் கீழ் ஒரு பெண்

எனக்கு வயது அறுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன்; நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஒன்றும் பட்டினி கிடந்ததில்லை. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து பதினாலு வருடமாகச் சேக்காட்டில் இருக்கிறேன். இன்றும் குழாயடியில் எனக்குப் பெயர் பர்மாக்காரம்மா. அங்கே இருந்தவரை இந்தியாக்காரி என்றார்கள்.

என்னோடு கப்பலேறியவர்களுக்கு எங்கள் தெருவில் சூப்புக்கடை வைத்திருந்த சீனத்து அக்காவை ஞாபகம் இருக்கும். அவள் கடை வாசல் நிலையில் சிவப்பாக ஒரு எழுத்து இருக்கும். அதன் கதையை ஒருநாள் பர்மிய பாஷையில் சொன்னாள். ஆதியில் அது படமாம். மேலே கூரை. கீழே முழந்தாளிட்டு, கைகளை மடியில் சேர்த்து உட்கார்ந்த பெண். பலர் கைபட்டு எழுதி எழுதி, அந்தப் பெண்ணின் உடம்பு மூன்று கோடாகிவிட்டது. ஒரு பெண் கூரைக்குள் உட்கார்ந்துவிட்டால் அதுதான் அமைதி; எழுத்துக்கும் அதுதான் பொருள் என்றாள். "ஆம்பிளை எங்கே?" என்று கேட்டேன். "வேலைக்குப் போயிருக்கிறான், வருவான்" என்று சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் தினமும் அந்த நிலைக்குக் கீழேதான் உட்காருவார். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது, படிப்பும் கிடையாது. இந்தியாக்காரர்களைப் போகச் சொல்லி நாங்கள் கிளம்பியபோது அவர் பெயருக்கு மட்டும் பயணக் காகிதம் வரவில்லை. அடுத்த கப்பலில் அனுப்புவதாக அண்டை வீட்டார் சொன்னார்கள். "போற இடத்துல கதவுல இதை எழுதி வைக்கிறேன். பாத்து வந்துடுங்க" என்று அந்த எழுத்தைக் காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூரைபோலச் சேர்த்துக் காட்டினார். புரிந்துகொண்டார்.

சேக்காட்டில் வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கீற்றுக் குடிசைகள். எண் கிடையாது. வந்த வாரமே செங்கல் பொடியைக் குழைத்துக் கதவில் எழுதினேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா பார்த்துவிட்டாள். சீனச் சண்டை முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம்.

"இன்னாம்மா இது, சீனாக்காரன் எய்த்தா?"

"ஆமாம். அமைதின்னு அர்த்தம்."

"நல்லா கீதே உன் அமைதி! என் தம்பி அந்தப் பனியிலதான் செத்தான். பொணம்கூட ஊட்டுக்கு வர்ல. தெனம் கதவத் தொறந்தா நான் இத்தப் பாக்கணுமா?"

மிரட்டியிருந்தால் அழித்திருக்க மாட்டேன். மிரட்டலுக்கு நான் பணிந்ததில்லை. ஆனால் அவள் அழுதாள். ஈரத்துணி எடுத்து நானே துடைத்தேன். கப்பல் வரும் சேதி தெரிந்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, ரேஷன் கடையிலிருந்து மத்தியானம் திரும்பினேன். கன்னியம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

"ஒரு பெர்சு வந்துச்சும்மா, லுங்கி கட்டிகினு. ஒவ்வொரு கதவா மொறச்சிப் பாத்துகினே போச்சு. யாரு ஓணும் நைனான்னேன், பேச்சே இல்ல. ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டுச்சு. பசி போலன்னு கூழு ஊத்திக் குட்த்தேன். குட்ச்சிட்டுப் போய்டுச்சு."

கையைத் தூக்கியும் காட்டினாள். அது கும்பிடு இல்லை.

பருத்திப்பட்டு ஏரிவரை ஓடினேன். ரயிலடியில் கேட்டேன். கப்பலில் அவருக்குத் துணையாக வந்தவர் குமணன்சாவடியில் இறங்கிக்கொண்டு அவரை மட்டும் பஸ்ஸில் அனுப்பிவிட்டதாகப் பிறகு கடிதம் வந்தது. அப்புறம் அவரைப் பார்த்தவர் யாருமில்லை.

அவர் வந்துபோன மறுநாள், விஷயம் தெரிந்த கன்னியம்மாவே செங்கல் பொடி குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் எழுதினேன். இப்போது இது கல்வீடு. கதவில் எண்ணும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. பார்க்க வேண்டியவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். கூரைக்குள் உட்கார்ந்துதான் இருக்கிறேன். சீனத்து அக்கா சொன்ன அமைதி அந்தத் தெருவிலேயே நின்றுவிட்டது.

கையெழுத்துக்குப் பதிலாக அதையே வரைகிறேன்: 安

பேத்தி செல்வி, எழுதி முடித்துவிட்டேன், இங்கே வா. இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. கடைசி எழுத்து உனக்கு வராது. அங்கே வந்ததும் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்துக் காட்டு. போதும்.