அக்கா பற்றவைத்த கூண்டு

என் அக்கா வெல்டிங் வேலை செய்கிறவள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடையை ஒட்டி அவளுடைய பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எது வந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். அத்தான் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் நெருப்புதான் முதலாளி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். நான் பள்ளிக்கூட வேன் டிரைவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்துவிடும்.

அடக்கி அடக்கி ஓட்டியதாலோ என்னவோ, எனக்குக் கார் ராலிக் கிறுக்குப் பிடித்தது. மலைமேல் போகும் தார்ச்சாலையை ஒரு நாள் அடைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு கார் கிளம்பும். குறைந்த நேரத்தில் போய்ச் சேர்கிறவர் ஜெயித்தவர். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று எண் போட்டு எழுதிய நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வரவேண்டும். எனக்கு வாசிக்க ஒப்புக்கொண்டவன் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பன். வீடே தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். அதனால் அவனுக்கு நிதானம் என்று பெயர்.

பதினாறு வருடம் ஓடிய ஒரு சின்னக் காரை வாங்கிக்கொண்டு நேராக அக்காவின் பட்டறைக்குப் போனேன். அவள் அதைச் சுற்றி வந்தாள். எவ்வளவு வேகம் போகும், என்ன எஞ்சின் என்றெல்லாம் கேட்கவில்லை.

"கவுந்தா என்னடா ஆகும்?"

"உள்ள இரும்புக் கூண்டு போடணும்க்கா. அது இல்லாம பந்தயத்துல விடவே மாட்டாங்க. ரெடிமேடா கிடைக்குது, நட்டு போட்டு முடுக்கினா போதும்."

"உன் தலைக்கு மேல வர்ற இரும்பை எவனோ பத்தவெச்சு, நான் வீட்ல நிம்மதியா சோறு திங்கணுமா? பந்தயத்து விதிப் புத்தகத்தைக் கொண்டா."

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள் அந்தப் புத்தகத்தைப் பென்சிலும் கையுமாக மூன்று நாள் படித்தாள். பிறகு காரைப் பிரித்தோம். பின் சீட்டு, தரைவிரிப்பு, கதவு அட்டை, கூரைத் துணி எல்லாம் வெளியே வந்தன. சத்தம் கேட்காமல் இருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப் பாளங்களை உளியால் சுரண்டிச் சுரண்டி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசியில் அது காராகவே இல்லை. சக்கரம் வைத்த தகரப் பெட்டி.

அதற்குள் அவள் கூண்டு கட்டினாள். வளைத்த குழாய் ஒவ்வொன்றின் நுனியையும் மீன் வாய் மாதிரிக் குடைந்து, இன்னொரு குழாயின் முதுகில் கொண்டுபோய் வைப்பாள். நடுவில் ஒரு காகிதம் நுழைந்தாலும் திருப்பி எடுத்து அரத்தால் ராவுவாள். நாலு தடவை, ஐந்து தடவை. எனக்குப் பொறுமை போய்விடும். அவளுக்குப் போகாது.

சிக்கல் கூரையில் வந்தது. மேலே குழாய்கள் சேரும் மூட்டுக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான். மூட்டின் கீழ்ப்பாதியைப் பற்றவைக்கலாம். மேல்பாதிக்கு வெல்டிங் கருவி போகாது. பலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நிதானம் சொன்னான். அக்கா ஒரு டீயைக் குடித்து முடித்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, கூண்டின் ஆறு கால்களும் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கார்த் தரையில் ஆறு கட்டம் போட்டு, அறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா! அடியில ஓட்டை போட்டா கார் எப்படி ஓடும்?"

"சக்கரத்துலதான ஓடும்? கத்தாம அந்தப் பக்கம் பிடி."

ஆறு ஓட்டை வழியாகவும் கால்கள் கீழே இறங்க, கூண்டு முழுசாக ஒரு சாண் தாழ்ந்தது. கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் கை தாராளமாகப் போகிற இடம் பிறந்தது. இத்தனை நாளாக நான் கூரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். இவள் வழியைத் தரையில் கண்டுபிடித்திருக்கிறாள். முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டு அந்தப் பெட்டிக்குள் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு மூட்டையும் முழு வட்டமாகப் பற்றவைத்தாள். பொறி கழுத்தில் விழுந்தபோதும் கை அசையவில்லை. பிறகு ஜாக்கி வைத்துக் கூண்டை மேலே ஏற்றி, ஓட்டைகளைக் கனத்த தகட்டால் மூடி, கால்களை அதன்மேல் நிறுத்திப் பற்றவைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், இவள் கூடவா நான் சின்ன வயதில் கேரம்போர்டுக்குச் சண்டை போட்டேன் என்று இருந்தது.

மிச்ச வேலை என் பங்கு. முன்கண்ணாடியைத் திரும்ப மாட்டுவது, விறைப்பான ஸ்பிரிங், சூடு தாங்கும் பிரேக் கட்டை, புது பிரேக் எண்ணெய், உடம்பை இறுக்கும் பெல்ட். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் அக்காதான் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பு கட்டி அளந்து சொன்னாள்.

பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். சோதனை அதிகாரி தலை நரைத்த மனிதர், சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியைக் கூரை இடுக்கில் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த மூட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

"மேல எப்படிம்மா கை போச்சு?"

"கை போகல சார். கூண்டைக் கீழ இறக்கிட்டேன்."

அவர் குனிந்து தரையில் இருந்த ஆறு தகடுகளையும் பார்த்தார். நிமிர்ந்து, அனுமதிச் சீட்டை ஒட்டிவிட்டு நகர்ந்தார்.

முதல் இரண்டு சுற்றும் பிரமாதம். நாற்பது கார்களில் பதினேழாவதாக இருந்தோம். மூன்றாவது சுற்றில், "வலது ரெண்டு, போகப் போகக் குறுகும்" என்று நிதானம் வாசித்த வளைவில், பாறையிலிருந்து கசிந்த தண்ணீர் சாலை முழுக்கப் பரவியிருந்தது. பின்சக்கரம் வழுக்கியது. கார் மண்மேட்டில் ஏறியது. அப்புறம் வானம் எது, சாலை எது என்று தெரியவில்லை. கண்ணாடி மழை மாதிரிக் கொட்டியது. தகரம் நசுங்கும் சத்தம் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பிறகு அமைதி. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது இடது மூணு" என்றான் பக்கத்தில் தொங்கிய நிதானம். "அவசரமில்ல."

நாங்களே பெல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்தோம். எனக்குத் தோளில் சிராய்ப்பு, அவனுக்கு உதட்டில் ரத்தம். அவ்வளவுதான். அப்புறம்தான் திரும்பிக் காரைப் பார்த்தேன். முன்பக்கம் இல்லை. பின்பக்கம் கசக்கிய காகிதம். கூரைத் தகரம் குழாய்களோடு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம், அந்த இரண்டு ஆள் இடம், காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மலையே மூன்று தடவை கையை ஓங்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கூண்டைத் தாண்ட முடியாமல் விலகிப் போனது போல இருந்தது. நான் சாலையோரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழுவை வண்டியோடு அக்கா வந்தாள். என் மண்டையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிதானத்தின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

மாலையில் சோதனை அதிகாரி தேடி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காரின் முன் நின்றார். "முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன்மா" என்றார். குனிந்து உள்ளே கையை நீட்டி, கூண்டின் ஒரு மூட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடி வாங்கிய கூண்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அடுத்த வாரம் அக்கா அதைத் தானே அறுத்தாள். என் தலைக்கு மேல் இருந்த மூட்டை எடுத்து, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, அறுத்த முகத்தைப் பளபளவென்று தேய்த்தாள். கண்ணருகே வைத்துத் தேடினேன். எங்கே ஒரு குழாய் முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று கோடே இல்லை. வார்த்து எடுத்தது போல ஒரே இரும்பு. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

அக்கா பார்த்தது வேறொன்றை. "கதவுப் பக்கக் குழாய் ரெண்டு விரல் உள்ள வந்திருக்கு. அடுத்ததுல அங்க இன்னொரு குறுக்குக் கம்பி போடணும்" என்று சுவரில் சாக்பீஸால் வரையத் தொடங்கினாள்.

"அடுத்ததா? இன்னும் நான் காரே பாக்கலக்கா."

"நான் பாத்துட்டேன்" என்றாள், வரைவதை நிறுத்தாமல்.